டாக்கர் ராஜாவின் கடலைப் போர்

எங்கள் நாட்டின் படத்தைக் கரும்பலகையில் வரைவது சுலபம். முதலில் ஆற்றை வரைய வேண்டும். ஆற்றுக்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது. சாரே நகே பள்ளிக்கூடத்தில் பதினொரு வருடமாக நான் இதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று பக்கம் டாக்கரைத் தலைநகராகக் கொண்ட செனகல், நாலாவது பக்கம் கடல், நடுவில் ஆறு, ஆற்றின் இரு கரையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள். பொருளாதாரம் என்ன என்று கேட்டால் நிலக்கடலை என்று எழுத வேண்டும். அரசாங்கம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் தலைநகரில் என்று எழுத வேண்டும். பரீட்சையில் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்து மதிப்பெண்.

அந்த மேல் கோடு எப்படி வந்தது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் பதில் கிடையாது. ஆனால் ஊரில் எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். வெள்ளைக்காரன் ஆற்றில் கப்பல் விட்டானாம். கப்பலில் இருந்து வடக்கே ஒரு பீரங்கி, தெற்கே ஒரு பீரங்கி சுட்டானாம். குண்டு விழுந்த இடம் வரை அவனுக்கு, மிச்சமெல்லாம் பிரெஞ்சுக்காரனுக்கு. நடந்ததோ இல்லையோ, அடுப்புக்கரியில் தேநீர் கொதிக்கும் நேரத்தில் சொல்லிச் சிரிக்க நல்ல கதை. சிரிப்பதற்காகத்தான் சொல்கிறார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். எல்லை உறுதிப்பாட்டு ஆணையம் என்று ஒன்று தலைநகரில் இருப்பதும், அவர்கள் இந்தக் கதையைச் சிரிக்காமல் கேட்டு வைத்திருப்பதும் எனக்குத் தெரியாது.

எல்லைக் கற்கள் பல இடங்களில் காணாமல் போயிருந்தன. எங்கள் ஊர்க் கல் எங்கே என்று யாரும் தேட வேண்டியதில்லை. சம்பாரு ஜலோவின் மனைவி ஜெய்னபா அதன்மேல்தான் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எல்லையை மறுபடி அளப்பதற்கு ஏதோ ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் நிதி கொடுத்தது. ஆணையம் இரண்டு வருடம் கூடிக் கூடிப் பேசி, எல்லையை எப்படி முதலில் போட்டார்களோ அப்படியே மறுபடி போடுவது என்று தீர்மானம் நிறைவேற்றியது. தலைநகரக் கடற்கரையில் ஆடுகள் நிழலுக்கு ஒதுங்கும் பழைய பீரங்கி ஒன்று கிடந்தது. ஆட்டுப் புழுக்கையைக் கழுவிவிட்டு அதற்குப் பச்சைச் சாயம் அடித்தார்கள்.

முதலில் ஆற்றில் படகு நிறுத்தி, முறைப்படிதான் சுட்டார்கள். குண்டு கரையைத் தாண்டி ஒரு பெண்ணின் வெங்காயப் பாத்தியில் விழுந்தது. அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டால் வடகரையில் எங்கள் நாடு நாலு பாத்தி வெங்காயத்தோடு முடிந்துவிடும். ஆணையம் அவசரமாகக் கூடியது. பீரங்கிக்கு வயதாகிவிட்டதால் அதற்குச் சலுகை காட்டலாம் என்று முடிவாயிற்று. அதை லாரியில் ஏற்றி, எல்லைக்கு அருகே கொண்டுபோய்ச் சுடுவது. ஆனால் ஆற்றிலிருந்து சுட வேண்டும் என்ற விதியை மட்டும் மீறக் கூடாது.

இப்படித்தான் அந்த லாரி டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் எங்கள் ஊருக்கு வந்தது.

ஆணையத்தின் இயக்குநர் வுரி பா வாட்டசாட்டமான மனிதர். அந்த வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். அவரோடு ஒரு பதிவு எழுத்தர், பெயர் கோல். கோல் தலைநகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் பக்கத்து ஃபுலா பேச்சை வகுப்பில் உட்கார்ந்து படித்தவர். ஒரு வார்த்தை விடாமல் புரியும். யாராவது சிரித்தால் ஏன் என்றுதான் புரியாது. மடியில் தடித்த நோட்டு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ரப்பர் முத்திரை. கேட்டதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுவார்.

பள்ளிக்கூடத்துக்குத் தெற்கே லாரியை நிறுத்தினார்கள். இரண்டு மஞ்சள் டின்களில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். அதை லாரியைச் சுற்றி வட்டமாக ஊற்றினார்கள். பா ஒலிபெருக்கியை எடுத்தார்.

"இந்த இடம் இன்னிக்கு சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஆறு."

எங்கள் ஊர்த்தலைவருக்கு எண்பது வயது. வந்தவர்களை வரவேற்கக் கோலா கொட்டைகளைத் துணியில் முடிந்துகொண்டு லாரி அருகே போனார். ஒரு போலீஸ்காரர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார்.

"பெரியவரே, அங்க நிக்காதீங்க. ஆத்துல நிக்கிறீங்க."

தலைவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பிறகு அங்கியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு கரையேறினார். அவர் அனுபவஸ்தர், அரசாங்கத்தோடு வாதாடுவதில்லை.

பா ஊர்க்காரர்களுக்கு விளக்கினார். "கருவி வெச்சு அளந்தா, அந்தக் கருவி சரியான்னு எவனாவது கேப்பான். கணக்கு போட்டா, கணக்கு சரியான்னு கேப்பான். குண்டு வெச்சு அளந்தா எவனும் ஒண்ணும் கேக்க மாட்டான். இதுதாம்ப்பா நம்ம நாட்டு விஞ்ஞானம்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன செய்வான்.

சம்பாரு என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஊரின் வடக்குக் கோடியில் அவன் வீடு. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி அவன் கிணறு; கிணற்றைத் தாண்டினால் அவன் கடலைப் போர்; போரைத் தாண்டினால் நிலமும் வீடும். இரண்டு வருடம் மழை பொய்த்து, இந்த வருடம்தான் விளைந்திருந்தது. கடலைக்கொடியைப் பிடுங்கி, மூன்று ஆள் உயரத்துக்குப் போர் போட்டுக் காய வைத்திருந்தான். அதை அடித்து அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் போட்டால்தான் மழைக்காலத்துக்கு அரிசி. கம்பு தீர்ந்து, புது விளைச்சல் வராத அந்த மூன்று மாதம் எங்கள் ஊரில் பொல்லாத மாதம். போன வருடம் அந்த மாதத்தில் ஜெய்னபா காட்டுக் கீரையை மட்டும் வேகவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால் இந்தப் போரை அவன் தினமும் ஒரு தடவை சுற்றி வருவான். சும்மா கையால் தட்டிப் பார்ப்பான்.

"வாத்தியாரே, குண்டு எம்மாம் தூரம் போகும்?" என்று கேட்டான்.

"எனக்கென்னப்பா தெரியும்? நான் படம் வரையறவன்."

பீரங்கி வெடித்தது. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரை அதிர்ந்தது. புகை கலைந்தபோது குண்டு சம்பாருவின் கிணற்றுக்கும் கடலைப் போருக்கும் நடுவில், நல்ல பிள்ளையாக, பாதி புதைந்து கிடந்தது. பழைய எல்லை அங்கிருந்து முந்நூறு அடி வடக்கே.

பா ஓடிப்போய்க் குண்டின் பக்கத்தில் கொடியை நட்டார். கிணறு நாட்டுக்கு உள்ளே. போர், நிலம், வீடு, ஜெய்னபா, நாலு பிள்ளைகள், இரண்டு மாடு எல்லாம் வெளியே.

"நாடு குறைஞ்சுபோச்சே ஐயா," என்றார் ஊர்த்தலைவர் மெதுவாக.

"குறையல பெரியவரே. துல்லியமாயிருக்கு."

பாதிக்கப்பட்டவர்கள் அன்றைக்கே ஆட்சேபம் சொல்லலாம், நியாயம் இருந்தால் இயக்குநர் எல்லைக் கோட்டைத் தள்ளி வைப்பார் என்று விதி இருந்தது. மாமரத்தடியில் மேசை போட்டார்கள். பா உட்கார்ந்தார். பக்கத்தில் கோல் நோட்டைத் திறந்தார். பாதிக்கப்பட்டவன் ஒரே ஒருவன்தான். அவன் போய் நின்றான்.

"பேரு?"

"சம்பாரு ஜலோ."

பா நிமிர்ந்தார். அவர் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. "ஜலோவா? அட என் அடிமைப் பயலே! உன்னை எங்கெல்லாம்டா தேடறது?"

கூட்டம் சிரித்தது. எங்கள் பக்கத்தில் பா என்ற குலப்பெயர்க்காரனும் ஜலோ என்ற குலப்பெயர்க்காரனும் சந்தித்தால் திட்டிக்கொள்ள வேண்டும். முன்பின் பார்த்திராதவர்களாக இருந்தாலும் சரி, ஒருவன் மந்திரியாக இருந்தாலும் சரி. நீ என் அடிமை என்று அவன் சொல்ல, நீதான் என் அடிமை என்று இவன் சொல்ல வேண்டும். முப்பாட்டன் காலத்து முறை. எவ்வளவு திட்டினாலும் கோபம் வரக் கூடாது. பதிலுக்குத் திட்டாவிட்டால்தான் உறவு அறுந்தது என்று அர்த்தம். நான் மாண்டிங்கா ஆள். எங்களிலும் இது உண்டு, ஆனால் ஃபுலாக்காரர்கள் அளவுக்கு ருசித்துச் செய்ய எங்களுக்கு வராது. சம்பாருவோ அதில் மன்னன். சந்தைக்குப் போனால் அவன் திட்டைக் கேட்பதற்கென்றே பா வீட்டு ஆட்கள் பின்னால் வருவார்கள்.

"யார்ரா அது, பா-வா? என் மாட்டைத் திருடிட்டு ஓடின பா-வா? கோட்டு மாட்டிக்கிட்டா அடையாளம் தெரியாதுன்னு நெனச்சியாடா திருட்டுப் பயலே?"

"உங்க அப்பனை ஒரு சுரைக்குடுக்கை மோருக்கு எங்க தாத்தா வாங்கினாருடா!"

"அந்த மோரும் எங்க மாட்டு மோருடா!"

சிரிப்பில் போலீஸ்காரருக்குத் தொப்பி விழுந்தது. பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரிடா அடிமை, ஆட்சேபம் சொல்லு. இந்த நிலம் எந்த நாடு?"

"எந்த நாடா? உன் நாடே எங்க தாத்தாவோட மாட்டுத் தொழுவம்டா! உன் நாட்டுல எனக்கென்னடா வேலை? நான் டாக்கருக்கே ராஜா. என் அடிமைங்க ஒழுங்கா வேலை செய்யறீங்களான்னு பாக்க வந்திருக்கேன். யாரைக் கேட்டுடா என் மண்ணுல குண்டு போட்டே? அபராதம் ஒரு காளை கொண்டா!"

பா எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவனைக் கட்டிக்கொண்டார். "இப்படி ஒரு ஜலோவைப் பாத்து எத்தனை வருஷமாச்சு!" என்றார். கோலா கொட்டை ஒன்றைக் கடித்து, பாதியை அவன் கையில் வைத்தார். அந்த நேரத்தில் என் காதில் ஒரு சத்தம் விழுந்தது. கோல் நோட்டில் முத்திரை குத்தும் சத்தம். இயக்குநர் எழுந்துவிட்டதால் விசாரணை முடிந்தது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

"சரி, வெளையாட்டு போதும். அந்தக் கோட்டைக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் போட்டுடு. புள்ளகுட்டிக்காரன்," என்றான் சம்பாரு.

"பாத்துக்கலாம்டா, உனக்கில்லாததா," என்று சொல்லி, பா வண்டி ஏறினார். அவர் மனதாரத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

ஜனவரியில் கொள்முதல் நிலையம் திறந்தது. சம்பாரு முதல் அடி அடித்த கடலையைக் கழுதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தான். நிலையத்துக்காரர் ஒரு பட்டியலைக் காட்டினாராம். அதில் அவன் பெயருக்கு எதிரே 'வெளிநாடு' என்று இருந்ததாம். வெளிநாட்டுக் கடலையை வாங்கக் கூடாது என்று சட்டம்.

"வெளிநாடுன்னா அந்தப் பக்கம் போய் வித்துடேன்," என்றார்கள் எல்லோரும். மறுநாள் வண்டியை வடக்கே ஓட்டினான். அந்தப் பக்கத்துச் சாவடியில் இருந்த காவல்காரர் நல்ல மாதிரி. உட்கார வைத்து மூன்று சுற்றுத் தேநீர் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உங்க ஆளுங்க உன்னைக் கழட்டிவிட்டாங்க, சரி. ஆனா எங்ககிட்ட இன்னும் ஒப்படைக்கலையே. எழுத்துல ஒப்படைச்சாத்தானே நாங்க வாங்கிக்க முடியும்?"

அவன் திரும்பி வருவதற்குள் கடலைப் போரைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. வண்டியில் இருந்த கடலையும் அதற்குள்ளேயே போயிற்று. கயிற்றில் ஒரு அட்டை. நான்தான் அவனுக்குப் படித்துக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமாஷ் என்று நினைத்து இரண்டு தடவை படித்தேன். 'அயல்நாட்டு அரசரின் உடைமை. யாரும் தொடக் கூடாது.' காவலுக்கு ஒரு போலீஸ்காரர், அந்தத் தொப்பி விழுந்தவரேதான், குண்டின் மேல் உட்கார்ந்திருந்தார். கிணற்றுக்கு வரும் ஜெய்னபாவின் குடத்தையும் அவர்தான் எண்ணிக் குறித்துக்கொண்டார்; தண்ணீர் ஏற்றுமதி என்று தலைப்பு.

"ஒரு குடம் தண்ணிக்கு நாடு விட்டு நாடு போயிட்டு வரேன்," என்றாள் ஜெய்னபா அவரிடம். "எங்கப்பா மக்காவுக்குப் போயிட்டு வந்தாரு. அவரை ஹாஜின்னு கூப்பிட்டாங்க. என்னை என்னன்னு கூப்பிடப் போறீங்க?"

"மகாராணின்னு போட்டிருக்கும்மா," என்றார் அவர், நோட்டைப் பார்த்து, பணிவாக.

அவள் சிரிக்கவில்லை. "மகாராணிக்குச் சோத்துக்கு வழி சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நானும் சம்பாருவும் மாகாண நகரத்தில் இருந்த ஆணையக் கிளைக்குப் போனோம். ஒரு நாள் முழுக்க வண்டிப் பயணம். வாசலில் சம்பாருவின் பெயரைக் கேட்டதும் உள்ளே ஒரே பரபரப்பு. பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவிட்டுச் சாய்வு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். குளிர்ந்த பாட்டில் ஒன்று கொடுத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. அயல்நாட்டு மன்னர் முன்னறிவிப்பில்லாமல் வந்தால் எந்த அதிகாரி பேசுவது என்று விதியில் இல்லையாம். அதனால் மூன்று மணி நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில், கிளையைப் பார்வையிட வந்திருந்த பாவே வெளியே வந்தார். பின்னாலேயே கோல், நோட்டோடு.

"டேய் மாட்டுத் திருடா," என்று சம்பாரு ஆரம்பித்தான், பாதி நம்பிக்கையோடு. "என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

பா சிரிக்கத்தான் சிரித்தார். ஆனால் கோலைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கோல், வாக்குமூலத்தைப் படிங்க."

கோல் படித்தார். ஃபுலாவில் சொன்னதை ஆங்கிலத்தில் இறக்கி, அதை மறுபடி ஃபுலாவுக்கு ஏற்றிப் படித்தார். சிரிப்பு வழியில் எங்கோ விழுந்துவிட்டிருந்தது. "வாக்குமூலம் அளித்தவர் தாம் டாக்கரின் அரசர் என்று தெரிவித்தார். இந்நாட்டில் தமக்கு வேலை எதுவும் இல்லை என்று தெரிவித்தார். இந்நாட்டுக் குடிமக்கள் தம் அடிமைகள் என்றும், அவர்களை மேற்பார்வையிடவே வந்திருப்பதாகவும் தெரிவித்தார். குண்டு விழுந்த நிலம் தம் மண் என்று உரிமை கோரி, நம் அரசின் மீது ஒரு காளை அபராதம் விதித்தார். அதன்பின் இயக்குநர் அவரைத் தழுவி, கோலா வழங்கி, ஏற்றுக்கொண்டார். விசாரணை முடிந்தது."

"ஐயா," என்றேன் நான். "பா-வும் ஜலோவும் பேசிக்கிட்டது. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாதா!" என்றார் பா. நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "வாத்தியாரே, வுரி பாவுக்கு எல்லாம் தெரியும். வுரி பா அன்னிக்கு வீட்டுக்குப் போய் இவன் சொன்னதைப் பொண்டாட்டிகிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். ஆனா இயக்குநருக்குத் தெரியாது. இயக்குநருக்கு ஃபைல்ல இருக்கறதுதான் தெரியும். நான் பா-வா இருந்து கையெழுத்துப் போட முடியாது, இயக்குநரா இருந்துதான் போட முடியும். இயக்குநருக்கு ஒண்ணுமே தெரியாதுங்கறதாலதான் இந்த நாற்காலி அவருக்குக் கிடைச்சிருக்கு."

"அப்ப அது வெளையாட்டுன்னு எழுதிடு," என்றான் சம்பாரு.

"எழுதலாம். ஆனா ஆணையத்தோட விசாரணையில இயக்குநர் வெளையாடினார்னு ஆயிடும். கோடு போட்ட இடமெல்லாம் வெளையாட்டுன்னு ஆயிடும். உன் ஒருத்தனுக்காக நாட்டோட எல்லையே வெளையாட்டுன்னு எழுத முடியுமாடா?" அவர் சிறிது யோசித்தார். "ஒரு வழி இருக்கு. நீ டாக்கருக்கு ராஜா இல்லைன்னு ஒரு சான்றிதழ் கொண்டா."

"யார்கிட்ட?"

"டாக்கர்ல."

"டாக்கருக்கு நான் போனதே இல்லையே."

"அதையும் அதுலயே எழுதி வாங்கிட்டு வா," என்றார் பா. அவன் தோளில் தட்டினார். "நான் உன் பக்கம்தாண்டா. எப்பவும் உன் பக்கம்தான்."

வெளியே வந்தோம். டாக்கருக்கு எப்படிப் போவது? எல்லையைத் தாண்டக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டுக்கு இந்த நாட்டுக்காரன் என்று ஊர்த்தலைவர் எழுதித் தர வேண்டும். எழுதித் தர ஊர்த்தலைவர் தயார்தான். ஆனால் அவர் அதிகாரம் குண்டோடு முடிந்துவிடுகிறது. நான் பதினேழு மனு எழுதினேன். என் கையெழுத்து அழகு. அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. ஒரு மனுவுக்கு மட்டும் பதில் வந்தது. மன்னருடனான கடிதப் போக்குவரத்தில் பள்ளி ஆசிரியர் தலையிடக் கூடாது என்று எச்சரித்திருந்தார்கள்.

மார்ச்சில் போரில் வண்டு விழுந்தது. காலையில் அதன் பக்கத்தில் போய் நின்றால் உள்ளே மெல்லிய கரகரச் சத்தம் கேட்கும். சம்பாரு கயிற்றுக்கு வெளியே நின்று கேட்பான். கொஞ்சமாவது எடுத்துச் சுத்தம் பண்ணட்டுமே என்று போலீஸ்காரரைக் கெஞ்சினேன். அவர் என்னைவிட நொந்துபோயிருந்தார். "எனக்கு மட்டும் மனசில்லையா வாத்தியாரே? தொட்டா ராஜாவுக்கு அவமரியாதைன்னு என்னைத் தூக்கிடுவாங்க," என்றார். ராஜா அவர் காலடியில்தான் உட்கார்ந்து, செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தான். ஏப்ரலில் மாடு ஒன்றை விற்றான். மே மாதத்தில் இன்னொன்று. இரண்டையும் பக்கத்து ஊர்க்காரன் வெளிநாட்டு மாடு என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்கினான். அந்த வீட்டில் மோர் நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வருவதும் நின்றது, ஏனென்றால் அவர்கள் அயல்நாட்டு இளவரசர்கள், அவர்களைச் சேர்த்துக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை. படிக்கச் சொல்லி ஜன்னலை மட்டும் திறந்து வைத்தேன். இரண்டு நாள் வெளியே நின்று பார்த்தார்கள். பிறகு வரவில்லை. பிள்ளையை வெளியே நிற்க வைத்துவிட்டு உள்ளே நாட்டின் படம் வரைவது போல வெட்கக்கேடு வேறு கிடையாது. அதையும் நான் செய்தேன்.

ஜூன் முதல் வாரம் எல்லைத் தூணைத் திறந்துவைக்க அமைச்சர் வந்தார். வானம் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. குண்டு விழுந்த இடத்தில் சிமெண்டுத் தூண். அதற்கு இந்தப் பக்கம் பந்தல், ஒலிபெருக்கி, பெண்கள் பாட்டு. அந்தப் பக்கம் ஒரே ஒரு சோபா. அதற்கு வெள்ளைத் துணி போர்த்தி, மேலே குடை கட்டியிருந்தார்கள். நட்பு நாட்டு மன்னருக்கு. சம்பாருவைக் கூட்டிவந்து அதில் உட்கார வைத்தார்கள். இருந்த ஒரே நல்ல அங்கியைப் போட்டிருந்தான். அது இப்போது அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது.

அமைச்சர் பேசினார். "மகா ஜனங்களே! பெரிய பெரிய நாடெல்லாம் தன் எல்லை எங்கேன்னு தெரியாம அடிச்சுக்குது. நம்ம நாடு சின்ன நாடு. ஆனா எங்க முடியுதுன்னு நமக்குத் தெரியும். எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாம இருக்கலாம், எப்படி நடக்குதுன்னு தெரியாம இருக்கலாம், யாருக்காக நடக்குதுன்னு தெரியாம இருக்கலாம். எங்க முடியுதுன்னு தெரியும்! கடலை வெளையுதா, வெளையலையா? அது கடவுள் செயல். எல்லை? அது நம்ம செயல்! இந்த முந்நூறு அடியை விட்டுக்கொடுத்ததன் மூலமா, இங்கே இருந்த வறுமையை நாம நாட்டை விட்டே வெளியேத்தியிருக்கோம். இந்த மாகாணத்துல இப்ப பசியோட இருக்கற குடும்பம் ஒண்ணு குறைஞ்சிருக்கு. புள்ளிவிவரம் இருக்கு!"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே காற்று வந்தது. பிறகு மழை. அந்த வருடத்தின் முதல் மழை, சாய்த்து அடித்தது. அமைச்சர் வண்டிக்கு ஓடினார். ஆறு மாதமாகத் திறந்த வெளியில் நின்ற கடலைப் போர் ஒரு பக்கமாகச் சரிந்தது. கறுத்த தண்ணீர் அதன் அடியிலிருந்து ஒழுகி, தூணைச் சுற்றிக்கொண்டு, எந்த அனுமதியும் இல்லாமல் நாட்டுக்குள் வந்தது. ஜெய்னபா வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஓடி வரவில்லை. ஓடி வந்து என்ன செய்வாள்?

மழை கால் மணி நேரத்தில் விட்டது. ஈரக் கோட்டோடு வுரி பா தூணைத் தாண்டி வந்தார். கோல் குடையின் கீழே நோட்டைக் காப்பாற்றிக்கொண்டு பின்னால் வந்தார். நானும் போனேன். சம்பாரு இன்னும் அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்திருந்தான். அங்கி உடம்போடு ஒட்டியிருந்தது. பா சரிந்த போரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"என்னடா அடிமை, எப்படிடா இருக்கே?"

சம்பாரு எழுந்து நின்றான். இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டான்.

"நல்லாயிருக்கேங்கய்யா."

பா சிரித்தார். காத்திருந்தார். பதினொரு வருடத்தில் ஒரு ஜலோ ஒரு பாவுக்கு 'ஐயா' போட்டு நான் கேட்டதில்லை.

"டேய், அடிமைன்னு சொன்னேன்டா உன்னை."

"ஆமாங்கய்யா. உங்க அடிமைதாங்கய்யா."

பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. சுற்றி நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். "அப்படிச் சொல்லாதடா," என்றார் பா. "திருட்டுப் பயலேன்னு சொல்லுடா. மாட்டுத் திருடன்டா நான்! ஒரு வார்த்தை திட்டுடா, சம்பாரு. ஒரே ஒரு வார்த்தை."

"வேணாங்கய்யா. எழுதிடுவாங்க."

பா அவன் கையைப் பிடித்தார். அது அவர் கையில் சும்மா கிடந்தது. அவர் அதை விட்டுவிட்டு, கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியைப் பார்த்து நடந்தார்.

கோல் மட்டும் நின்றார். நோட்டில் பேனாவை வைத்தவர் எழுதாமல் யோசித்தார். இத்தனை மாதத்தில் அவரும் ஏதோ கொஞ்சம் கற்றுக்கொண்டிருப்பார் போல. என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வாத்தியாரே, அடிமைதான்னு இப்ப சொன்னாரே, அது வெளையாட்டா, நெஜமா?"

டிசம்பரில் மாமரத்தடியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"நெஜம்தான்," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டு முத்திரை குத்தினார்.